நெரிசலின் மகளுக்கு ஒரு பெயர்

அவன் பெயர் நெரிசல். பட்டப்பெயர் இல்லை. பிறப்புச் சான்றிதழில், பள்ளிக்கூடச் சான்றிதழில், கல்யாணப் பதிவில் எல்லாவற்றிலும் அதுதான். முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன்னால், அவனுடைய அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன வாடகைக் கார், ஒரு பாலத்துக்கு அடியில் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் ஒன்றரை மணி நேரம் நின்றது. பின் இருக்கையிலேயே அவன் பிறந்துவிட்டான். வண்டிகளை ஒதுக்கி வழி பண்ணுகிறேன் என்று இறங்கிப் போயிருந்த அப்பா திரும்பி வந்து, பிள்ளையைப் பார்த்து, சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்து எழுதினார்: "காலை 9.40. நெரிசல்." அவ்வளவுதான், பெயர் வைத்தாகிவிட்டது.

அப்பா ஒரு தொழிற்சாலையில் வாயிற்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடம் ஒரே கேட். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு தடித்த பதிவேடு. மணி என்ன, என்ன நடந்தது, யார் கையெழுத்து, இந்த மூன்றும்தான் அதில் இருக்க வேண்டும். "10.15: நாய் உள்ளே. 10.20: நாய் வெளியே." தன் கருத்து என்று ஒரு வார்த்தை எழுதியதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறவனுக்குப் பின்னால் வம்பு வராது என்பது அவருடைய கட்சி. பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதிலும் அதே கட்சிதான்.

"பேர நாம தேடிப் போகக் கூடாது. அது பொறக்கற நேரத்துல என்ன நடக்குதோ அதுதான் பேரு" என்பார்.

அதனால் அடுத்துப் பிறந்த தங்கை விடுமுறை. அவள் பிறந்த அன்று ஊரெல்லாம் விடுமுறை, ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற புது ஆசிரியர் "விடுமுறை!" என்று கூப்பிட்டதும் வகுப்பு மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அவரும் நல்ல மனுஷன், தலைமையாசிரியர் ஏதோ அறிவித்துவிட்டார் என்று நினைத்துப் பின்னாலேயே போய்விட்டார். மூன்றாவது தம்பி டோக்கன். அவன் பிறந்தபோது அப்பா கையில் ஒரு பித்தளை வில்லையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பாவி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "டோக்கன் எங்க?" என்று கேட்பார்கள். "நான்தான்" என்பான். திரும்பவும் வரிசையின் கடைசிக்கு அனுப்புவார்கள்.

நெரிசலின் பிழைப்பில் இன்னொரு வேடிக்கை இருந்தது. அவன் பெயர்ப்பலகை செய்கிறவன். வீட்டு வாசலில் மாட்டுவது, அலுவலக மேஜையில் வைப்பது, சட்டையில் குத்திக்கொள்வது எல்லாம் செய்வான். சின்னக் கடை. உள்ளே எழுத்து வெட்டுகிற இயந்திரம் ஒன்று, பித்தளைத் தகடுகள், வெட்டிய பள்ளத்தில் நிரப்பக் கறுப்பு, சிவப்பு பெயின்ட். நாள் முழுக்க ஊரார் பெயர்களை ஊதித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். எவ்வளவு அழகான பெயர்கள்! வந்தவர்கள் போகும்போது, "உங்க பேரு என்ன தம்பி?" என்று கேட்பார்கள்.

"நெரிசல்."

"ஆமாமா, இன்னைக்கு ரோட்ல கொஞ்சம் அதிகம்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரே ஒருத்தி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள், கடைக்குப் பலகை செய்ய வந்தாள். பெயரைக் கேட்டாள், சொன்னான். சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எந்த ரோட்ல?" என்றாள். முப்பது வயதுவரை அவனிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அந்த நிமிஷமே அவன் விழுந்துவிட்டான். எட்டு மாதத்தில் கல்யாணம்.

கல்யாணப் பேச்சின்போது அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லம்மா. நகை வேண்டாம், நட்டு வேண்டாம். பேரப்பிள்ளைக்குப் பேரு வைக்கிற வேலை மட்டும் எங்கிட்ட விட்டுடணும்."

அவள் கல்யாணக் களிப்பில், "அதுக்கென்ன மாமா, நீங்களே வைங்க" என்று சொல்லிவிட்டாள். நெரிசல் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். அவள் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டாள்.

*

மூன்று வருடம் கழித்து அவளுக்கு ஏழு மாதம் ஆனபோது நெரிசலுக்குத் தூக்கம் போய்விட்டது.

"நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். 'மாமா, நாங்களே வச்சுக்கறோம்'னு" என்றான்.

"குடுத்த வாக்கை எப்படிங்க திரும்ப வாங்கறது? கண்ணாடின்னா பவர் சரியில்லன்னு மாத்திக்கலாம்" என்றாள். கொடுத்த வாக்கில் அவள் கல்லு மாதிரி. "அதுவும் இல்லாம, எல்லாருக்கும் மோசமான பேரா அமையும்னு என்ன இருக்கு? நல்லது நடக்கிற நேரத்துல பொறந்தா நல்ல பேரு கிடைச்சிட்டுப் போகுது."

இந்தக் கடைசி வாக்கியம் அவன் மண்டையில் ஆணி அடித்ததுபோல நின்றது. அப்பாவை மாற்ற முடியாது. ஆனால் அப்பா கண்ணில் என்ன படுகிறது என்பதை மாற்றலாம் அல்லவா?

தங்கையையும் தம்பியையும் கடைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். அம்மாவைக் கூப்பிடவில்லை. துணி தைத்துக்கொடுப்பது அம்மாவின் தொழில். வாயில் எப்போதும் ஒரு குண்டூசி இருக்கும், அதனால் பேச்சு குறைவு. வீட்டில் யாரும் அவளிடம் எதையும் ஆலோசிப்பது வழக்கமில்லை.

"ஆஸ்பத்திரி மொட்டை மாடியில ஒரு தோட்டம் இருக்கு. ஒரே பூ" என்றான் நெரிசல். "வலி வந்ததும் நான் அப்பாவ நேரா அங்க கூட்டிட்டுப் போயிடுவேன். குழந்தை பொறந்ததும் விடுமுறை எனக்கு போன் பண்ணணும். அப்பா பூவப் பாத்துட்டு இருப்பாரு. 'மலர்'னு எழுதிடுவாரு."

"பூவுல தேனீ இருந்தா?" என்றான் டோக்கன். "தேனீ கொட்டிடுச்சுன்னா? குழந்தை பேரு கொட்டு."

"வாயை மூடுடா. உன் வேலை கேட்ல நிக்கிறது. அப்பா கண்ணுல ஆம்புலன்ஸ், அழுகை, சண்டை எதுவும் படக் கூடாது. குறுக்க நின்னு மறைச்சுக்கோ."

"எனக்கு எப்பவும் நிக்கிற வேலைதான்" என்றான் டோக்கன்.

விடுமுறைதான் கொஞ்சம் யோசித்துக் கேட்டாள். "அண்ணா, இது மோசடி இல்லையா?"

"உன் பேரு என்ன?"

"சரி, எத்தனை மணிக்கு வரணும்?"

*

டாக்டர் சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வலி வந்தது. ஒரு மணிக்கு வலி நெருங்கியதும் அம்மாவும் மருமகளும் விடுமுறையோடு ஒரு வாடகைக் காரில் முன்னால் போனார்கள். பின்னால் வந்த காரில் நெரிசலும் அப்பாவும். அப்பா குளித்து, தலை வாரி, சட்டைப்பையில் நோட்டும் இரண்டு பேனாவும் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதுபோல உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு என்று பார்த்து சாலை துடைத்துவிட்டதுபோல இருந்தது. எல்லா சிக்னலும் பச்சை. அப்பா சன்னல் வழியாக இடமும் வலமும் பார்த்தார்.

"ஒண்ணுமே நடக்கலையேடா" என்றார் ஏமாற்றத்தோடு.

"நடக்க வேணாம்பா. கண்ணை மூடிட்டு ஓய்வா இருங்க."

ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. மறைக்கக் குறுக்கே ஓடினான். ஆம்புலன்ஸ்காரர் இறங்கி அவனைத் திட்டினார். அப்பா பேனாவின் மூடியைத் திறந்தார்.

"அப்பா, இன்னும் பொறக்கல! இப்பதான் உள்ளயே போயிருக்காங்க!"

"சும்மா எழுதிப் பாக்கறேன்டா. பேனா எழுதுதான்னு தெரிய வேணாமா?"

உள்ளே போனால் வரவேற்பறையில் தரை துடைத்த ஈரம். எதிரே வந்த ஒரு பெரிய மனிதர் சர்ரென்று வழுக்கி, பூத்தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். "வழுக்கல்" என்று அப்பா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். நெரிசல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பத்தடி தள்ளி, திடீரென்று ஊ என்று சைரன் அலற, தலைக்கவசம் போட்ட நாலு பேர் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பணிப்பெண் சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்க, தீயணைப்பு ஒத்திகை" என்றாள்.

அப்பா நின்றார். முகம் மலர்ந்தது. "ஒத்திகை... காதுக்கு நல்லா இருக்கேடா. ஒத்திகை, இங்க வா. ஒத்திகை, சாப்பிட்டியா."

இனி ஒரு நொடிகூடக் கீழே வைத்திருக்கக் கூடாது என்று நெரிசல் அப்பாவை லிஃப்டுக்குள் தள்ளி, மொட்டை மாடிக்கான பொத்தானை அமுக்கினான். கதவு மூடியது. லிஃப்ட் கிளம்பியது. இரண்டு மாடி ஏறியது. ஒரு குலுக்கு. நின்றுவிட்டது.

பூனை குறுக்கே போகாதிருக்கச் சுவர் ஏறிக் குதித்தவன் புலிமேலே விழுந்த மாதிரி ஆயிற்று.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டைத் திறந்தார். அழகான எழுத்தில் எழுதினார்: "மதியம் 1.52. லிஃப்ட் நின்றது."

"அப்பா!"

"நடந்துச்சா இல்லையா?"

நெரிசல் போனை எடுத்தான். சிக்னல் இல்லை. சுவரிலிருந்த அபாயப் பொத்தானை அழுத்தினான். கொஞ்ச நேரம் கொரகொரவென்று சத்தம், பிறகு ஒரு குரல்.

"பதறாதீங்க சார். மெக்கானிக் வந்துட்டே இருக்காரு. உள்ள எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்."

"உங்க பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"நெரிசல்."

"ரெண்டே பேர்னு சொல்றீங்க, எப்படி சார் நெரிசல்?"

"என் பேருதாங்க நெரிசல்!"

"சரி சார், சரி சார். காத்தோட்டம் எல்லாம் இருக்கும், கொஞ்சம் தள்ளித் தள்ளி நில்லுங்க."

அவ்வளவுதான். முப்பத்து மூன்று வருடம் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. நெரிசல் லிஃப்டின் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

"பாத்தீங்களா? இதுதான்பா என் வாழ்க்கை. பள்ளிக்கூடத்துல நான் வந்தாலே 'வழி விடுங்கடா, நெரிசல் வருது'ன்னு சுவத்தோட ஒட்டி நிப்பாங்க. ரேடியோவுல என் பேர சொல்லாத நாளில்ல. 'பாலத்தருகே கடும் நெரிசல்.' நான் வீட்ல மெத்தையில படுத்துட்டு இருப்பேன். நான் பட்டது போதும்பா. என் பிள்ளை லிஃப்டா இருக்க வேணாம்."

அப்பாவும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எதிரே உட்கார்ந்தார். கால்கள் இடித்துக்கொண்டன. சின்ன லிஃப்ட்.

"என் பேரு உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"நல்ல பேருதானே. ஊருல பாதிப் பேருக்கு அதுதான்."

"அதைத்தான் சொல்றேன். என் வகுப்புல அந்தப் பேர்ல ஏழு பேரு. நான் நாலாவது. வாத்தியாரு 'நாலு'ன்னுதான் கூப்பிடுவாரு. வீட்டுக்கு வந்தா, அது என் சித்தப்பா பேரு. சின்ன வயசுலயே போயிட்டாரு. எங்கம்மா என்னக் கூப்பிடும்போதெல்லாம் எங்க தாத்தா கண்ணத் தொடைப்பாரு. சாப்பிட வாடான்னு கூப்பிட்டாலும் அழுகை, உதைக்கக் கூப்பிட்டாலும் அழுகை. எனக்குப் போட்ட சட்டையெல்லாம் அவரு சட்டை, பேரும் அவரு பேரு. கேட்டுக்கு வேலைக்குப் போனேன், அங்கயும் முப்பத்தொரு வருஷம் யாரும் பேரச் சொல்லிக் கூப்பிடல, வாட்ச்மேன்தான்." நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "என் பிள்ளைங்களுக்காவது இன்னொருத்தன் போட்டுக் கழட்டாத பேரா இருக்கணும்னு நெனச்சேன். உன் பேர்ல வேற எவனாவது இருக்கானா, சொல்லு?"

நெரிசல் யோசித்தான். "ஒருத்தனும் இல்ல."

"தெருவுல உன்னக் கூப்பிட்டா நீ மட்டும்தானே திரும்பற?"

"இல்லப்பா. எல்லா டிரைவரும் திரும்புவாங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வயிறு குலுங்கியது, லிஃப்டும் லேசாகக் குலுங்கியது. நெரிசலுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. வெளியே மெக்கானிக் கதவைத் தட்டி, "உள்ள எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கவலையோடு கேட்டார்.

மணி இரண்டு முப்பத்தொன்றுக்குக் கதவு திறந்தது. இரண்டு மாடிகளுக்கும் நடுவில் நின்றிருந்ததால் மெக்கானிக் கைகொடுத்து முதலில் அப்பாவை, பிறகு மகனை மேலே இழுத்தார். அங்கே மூச்சிரைக்க விடுமுறை நின்றிருந்தாள்.

"எங்கண்ணா போனீங்க? மாடிக்கும் கீழுக்கும் ஏழு தடவை ஏறி இறங்கிட்டேன்! பொண்ணு பொறந்து பன்னெண்டு நிமிஷம் ஆச்சு!"

"எத்தனை மணிக்கு?" என்றார் அப்பா.

"ரெண்டு பத்தொன்பது."

நெரிசல் கணக்குப் போட்டான். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு மாட்டினார்கள், இரண்டு முப்பத்தொன்றுக்கு வெளியே. இரண்டு பத்தொன்பது அதற்கு நடுவில் விழுந்தது. அவன் மகள் லிஃப்ட்.

*

பிரசவம் நடந்த அதே அறையில் அவன் மனைவி தலையணையில் சாய்ந்து, வெளுத்த முகத்தோடு, ஆனால் தேர்வில் முதலாவது வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். குழந்தை நெரிசலுடைய அம்மாவின் கையில் இருந்தது. அன்றைக்கு அம்மா வாயில் குண்டூசி இல்லை. நெரிசல் குழந்தையைப் பார்த்தான். சிவந்த முகம், இறுக மூடிய கண், உலகத்தின்மேல் ஏதோ பெரிய புகார் இருப்பதுபோலச் சுருங்கிய நெற்றி. 'லிஃப்ட்' என்று மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தான்.

அப்பா பேத்தியின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்தார். கீழே எல்லாரும் விரட்டியதால் அப்போதுதான் மேலே வந்து சேர்ந்திருந்த டோக்கன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"மாமா, ஒரு சந்தேகம்" என்றாள் மருமகள்.

"சொல்லும்மா."

"உங்க கேட்டு பதிவேட்டுல, நீங்க இல்லாத நேரத்துல ஒருத்தர் உள்ள வந்தா, அதை யாரு எழுதுவாங்க?"

"அந்த நேரத்துல யாரு டியூட்டியோ அவங்க. நான் வீட்ல இருந்துட்டு கேட்ல நடந்ததை எழுதினா அது பொய்க் கணக்கும்மா. வேலையே போயிடும்."

"ரெண்டு பத்தொன்பதுக்கு கேட்ல நான்ல மாமா இருந்தேன்?"

அப்பா லிஃப்ட் என்று எழுதியிருந்த வரியைப் பார்த்தார். முப்பத்தொரு வருட விதி. அவரே போட்ட விதி. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, புதுப் பக்கம் திருப்பினார்.

"சொல்லும்மா. ரெண்டு பத்தொன்பது. என்ன நடந்துச்சு?"

"வேர்த்து ஊத்திச்சு மாமா. நர்சம்மா சன்னலைத் திறந்துவிட்டாங்க. அதே நேரம் குழந்தை வந்துட்டா."

அப்பா எழுதினார். "2.19. சன்னல் திறந்தது." தலையைச் சாய்த்து ரசித்தார். "சன்னல்... சன்னல்..."

நெரிசல் சுவரைப் பிடித்துக்கொண்டான். லிஃப்டுக்குத் தப்பிச் சன்னலில் விழுவது என்று இருக்கிறதே! ஆனால் அவன் மனைவி அசரவில்லை. பல நூறு பேருக்கு, இந்தக் கண்ணாடி தெளிவா அந்தக் கண்ணாடி தெளிவா என்று பொறுமையாக மாற்றி மாற்றிப் போட்டவள்.

"மாமா, கேட்டு திறந்துச்சுன்னு எழுதுவீங்களா? உள்ள யாரு வந்தாங்கன்னு எழுதுவீங்களா?"

அப்பா பேனாவை நிறுத்தினார். "உள்ள வந்தது யாருன்னுதான் எழுதணும்."

"சன்னல் உள்ள வரலையே மாமா. காத்துதானே வந்துச்சு? இளங்காத்து. தென்றல்."

தென்றல்! நெரிசலின் உடம்பில் உயிர் திரும்பி வந்தது. பித்தளைத் தகட்டில் அந்த எழுத்துகளை அவன் மனசு அப்போதே வெட்ட ஆரம்பித்துவிட்டது. விடுமுறை கைதட்டினாள்.

அப்பா கையை உயர்த்தினார். "பொறு. தென்றல்னா தெக்கேருந்து வர்ற காத்து. மேக்கேருந்து வந்தா கோடை. கெழக்கேருந்து வந்தா கொண்டல். வடக்கேருந்து வந்தா வாடை. பள்ளிக்கூடத்துல அடிச்சுச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இந்தச் சன்னல் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. நர்சம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "வண்டி நிறுத்தற பக்கம்" என்றாள் அவள். வடக்கா தெற்கா என்று கேட்டதற்கு, இந்த ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்றாள்.

"வடக்கா மட்டும் இருக்கக் கூடாது" என்று டோக்கன் அண்ணன் காதில் கிசுகிசுத்தான். "என்னடா ஒரே வாடையா இருக்குன்னு மூக்கப் பொத்துவாங்க."

அப்பா விடுவிடுவென்று படியிறங்கிப் போனார். லிஃப்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எல்லாரும் சன்னலில் கூடி எட்டிப் பார்த்தார்கள். கீழே வண்டிகளுக்கு நடுவில் நின்று அவர் சூரியனைத் தேடினார். மணி மூன்றாகியிருந்தது. சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது, கட்டடத்தின் நிழல் அவர்மேல் விழுந்திருந்தது. நிழல் போகிற பக்கத்தைப் பார்த்தார், விரலை எச்சில் தொட்டு உயர்த்தினார், காவலாளி ஒருவரைக் கூப்பிட்டு விசாரித்தார், இருவரும் கையை நீட்டி நீட்டிப் பேசினார்கள். பிறகு அண்ணாந்து, வாயைக் குவித்துக் கத்தினார்:

"கெழக்கு!"

மேலே வந்து மூச்சு வாங்க உட்கார்ந்து, சன்னல் என்ற வரியை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, கீழே எழுதினார்: "2.19. கொண்டல் உள்ளே." நோட்டை மருமகளிடம் நீட்டினார். "டியூட்டில இருந்தவங்க கையெழுத்து போடணும்."

அவள் போட்டாள்.

"கொண்டல்" என்று நெரிசல் சொல்லிப் பார்த்தான். தென்றல் இல்லைதான். மலரோ நிலாவோ இல்லைதான். ஆனால் நாக்கில் உருண்டு வந்தது. அவன் வெட்டிய ஆயிரம் பெயர்களில் ஒரு தடவைகூட அது வந்ததில்லை.

"பள்ளிக்கூடத்துல கிண்டல்னு கூப்பிடுவாங்க" என்றான் டோக்கன்.

"நீ பேசறியா?" என்று எல்லாரும் ஒரே குரலில் அவன்மேல் பாய்ந்தார்கள். குழந்தை விழித்து அழ ஆரம்பித்தாள்.

அம்மா குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஏங்க, டியூட்டில இருந்தவங்களத்தான் கேக்கணும்னா, நானும் மூணு தடவை டியூட்டில இருந்தேன். ஒரு தடவை எங்கிட்ட கேட்டிருப்பீங்களா?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "கேக்கலையா?"

"முப்பத்து மூணு வருஷமா கேக்கல."

மருமகள் குழந்தையைத் தட்டி ஓயவைத்தாள். அந்த இடைவெளியில் நெரிசல் மனைவியின் காதோரம் குனிந்தான். "நிஜமாவே காத்து வந்துச்சா?"

"சன்னலைத் திறந்தாங்க, அது சத்தியம்" என்று அவள் கிசுகிசுத்தாள். "காத்து வருதான்னு பாக்கற நெலமையிலயாங்க நான் இருந்தேன்?"

அவன் சட்டென்று நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். நல்லவேளை, அவருக்குக் கேட்கவில்லை. அவர் எழுந்து, தன் நாற்காலியில் அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, தான் கட்டிலின் கால்மாட்டில் ஒண்டிக்கொண்டார்.

"சரி, சொல்லு. மொதல்ல இவன். கார்ல என்ன நடந்துச்சு?"

"நெரிசல் எல்லாம் எனக்கு எங்க தெரிஞ்சுது? நீங்க இறங்கிப் போயிட்டீங்க. அந்த டிரைவரு சின்னப் பையன். நான் கத்தற கத்தைக் கேட்டு அவன் ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டான். 'அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா'ன்னு ஸ்டியரிங்க கட்டிக்கிட்டு அழறான். எனக்கு வலி ஒரு பக்கம், அவனைப் பாத்தா பாவம் ஒரு பக்கம். 'ஒண்ணும் ஆகாதுடா தம்பி, நான் இருக்கேன்ல'ன்னு அவன் முதுகத் தட்டிக் குடுத்துக்கிட்டே இவனைப் பெத்தேன்."

விடுமுறை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நெரிசல் சிரிக்கவில்லை. தன் அம்மாவை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பக்கத்து பஸ்ல இருந்த பொம்பளைங்கல்லாம் இறங்கி வந்து காரைச் சுத்தி நின்னு மறைப்புக்குச் சேலையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தி தண்ணி குடுத்தா. இன்னொருத்தி அவ பிள்ளையோட சட்டையக் கழட்டி இவனைச் சுத்திக் குடுத்தா. அப்புறம் பாருங்க..."

அம்மா நிறுத்தி, அவர் கேட்கிறாரா என்று பார்த்தாள். அப்பா நோட்டில் எழுத மறந்து, பேனாவைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அப்புறம்?" என்றார்.